மாஸ்க் உறுத்துகிறது: பட்டையைத் தளர்த்துவதா, துணி வைப்பதா, மாஸ்க்கையே மாற்றுவதா?

அப்பாவுக்குச் சீபேப் மெஷின் (தூங்கும்போது மூச்சுப் பாதை அடைக்காமல் இருக்க, மாஸ்க் வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தும் கருவி) வந்த முதல் மாதம் முழுக்க, விடிகாலையில் மாஸ்க் அவர் முகத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. தலையணைக்குப் பின்னால் கிடக்கும், இல்லை கட்டில் சட்டத்தில் தொங்கும். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. மூக்குத் தண்டில், கண்ணாடி உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, பெரிய பொட்டு அளவுக்குச் சிவந்து கன்றிப் போயிருக்கும். இரண்டு கன்னத்திலும் பட்டைத் தடம் காலை பத்து மணி வரைக்கும் மறையாது. "மெஷின் ஒண்ணும் பண்றதில்ல அம்மிணி, இதை மூஞ்சியில மாட்டிக்கறதுதான் ஆக மாட்டேங்குது" என்பார்.

அப்பாவுக்கு இருப்பது ஸ்லீப் ஆப்னியா. அது வெறும் குறட்டை இல்லை. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது. மணிக்கு எத்தனை முறை இப்படி நடக்கிறது என்பதைத்தான் ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று போடுகிறார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். அப்பாவுக்கு 42. சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை. மாஸ்க்கைக் கழற்றி வைத்த அந்த நொடியிலிருந்து இந்தக் கணக்கு திரும்ப ஓட ஆரம்பிக்கிறது. அதனால் மாஸ்க் முகத்தில் சுகமாக உட்காருவது ஒரு சொகுசு இல்லை, அதுதான் வைத்தியமே.

மாஸ்க் உறுத்தும்போது நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கிற மாஸ்க்கைச் சரியாகக் கட்டிப் பார்க்கலாம். அதற்கும் தோலுக்கும் நடுவே துணியோ ஜெல் பட்டையோ வைக்கலாம். வேறு வகை மாஸ்க் வாங்கலாம். அல்லது மாஸ்க்கில் கை வைக்காமல், அதன் வழியே வரும் காற்றையும் படுக்கையையும் சரிசெய்யலாம். நாங்கள் இரண்டாவதில் ஆரம்பித்தோம், மூன்று மாதம் வீணானது. எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் காசும் தூக்கமும் மிச்சமாகின்றன என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெஷினின் பிரஷரைத் தண்ணீர் சென்டிமீட்டரில் சொல்வார்கள். பொதுவாக 4-லிருந்து 20 வரை வைக்கலாம். ஒரு சென்டிமீட்டர் பிரஷர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஒரு கிராம் எடை தள்ளுகிறது என்று பொருள். பிரஷர் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கின் உள்பரப்பு சுமார் 60 சதுர சென்டிமீட்டர் இருந்தால், அது அரைக் கிலோவுக்கு மேல் விசையோடு முகத்தை விட்டு விலகப் பார்க்கும். மூக்கை மட்டும் மூடுவது 25 சதுர சென்டிமீட்டர் என்றால் கால் கிலோ. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் பில்லோ மாஸ்க்குக்கு ஐம்பது கிராம்கூட வராது. இந்த விசையை எதிர்த்து மாஸ்க்கைப் பிடித்து வைப்பதுதான் பட்டையின் வேலை. பரப்பு பெரிதாக ஆக பட்டை இறுக வேண்டியிருக்கும், பட்டை இறுக இறுக மூக்குத் தண்டு புண்ணாகும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

பட்டையைத் தளர்த்துவது: காசில்லாத வழி, முதலில் செய்ய வேண்டியது

காற்று கசிந்தால் கை தானாகப் பட்டையை இறுக்கத்தான் போகும். அப்பாவும் அதைத்தான் செய்தார். இரவில் கண் பக்கம் காற்று அடித்தால் மேல் பட்டையை இழுப்பார், மறுநாள் இன்னும் கொஞ்சம். ஆனால் மாஸ்க்கின் சிலிக்கான் குஷனைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஓரம் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே கொஞ்சம் தடித்த அடுக்கு, வெளியே மெல்லிய சவ்வு போன்ற அடுக்கு. மெஷினின் காற்று அந்தச் சவ்வுக்குள் நிறைந்து, அது பலூன் மாதிரி உப்பி முகத்தின் மேடு பள்ளங்களில் படிந்துகொள்ள வேண்டும். பட்டையை இறுக்கினால் சவ்வு நசுங்கி மடிந்துவிடும். மடிப்பின் வழியே காற்று இன்னும் அதிகமாகக் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். மூக்குத் தண்டுப் புண் வருவது இந்தச் சுழலில்தான்.

எங்களுக்குப் பலன் கொடுத்த முறை இது. கண்ணாடி முன்னால் நின்று மாட்டக் கூடாது. படுத்துக்கொண்டு, எப்போதும் தூங்கும் தலையணையில் தலை வைத்து, மெஷினை ஓடவிட்டு மாட்ட வேண்டும். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். நின்றபடி கச்சிதமாக இருந்த மாஸ்க் படுத்ததும் கசிவது அதனால்தான். பட்டைகள் எல்லாவற்றையும் தாராளமாகத் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை இரண்டு விரலால் முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் இழுத்து, குஷன் காற்றில் உப்பியதும் மெதுவாகத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே அளவில், கசிவு நிற்கும் வரைக்கும் மட்டும் இழுக்க வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும்.

ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் 10 மாதிரி சில மெஷின்களில் 'மாஸ்க் ஃபிட்' என்று ஒரு சோதனை இருக்கிறது. அதைத் தொட்டால் மெஷின் பிரஷரைக் கொடுத்துப் பார்த்து, பச்சைச் சிரிப்பு முகமோ சிவப்பு வாடிய முகமோ காட்டும். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அம்மா ஒரு வேலை செய்தார். பட்டையைத் துவைக்கும்போதெல்லாம் வெல்க்ரோவைப் பிரிக்க வேண்டியிருக்கும், திரும்பக் கட்டும்போது அளவு மாறிவிடும். சரியான இடம் கிடைத்த அன்றைக்கு, வெல்க்ரோ நுனி எங்கே ஒட்டியிருந்ததோ அங்கே சிவப்பு நூலால் பட்டையில் இரண்டு தையல் போட்டுவிட்டார். நான்கு பட்டை, நான்கு சிவப்புக் கோடு. யார் மாட்டிவிட்டாலும் அளவு தவறுவதில்லை.

சுத்தமும் இதோடு சேர்ந்ததுதான். முகத்து எண்ணெய்ப் பிசுக்கு படிந்த சிலிக்கான் வழுக்கும், வழுக்கினால் கசியும், கசிந்தால் மறுபடி இறுக்கத் தோன்றும். குஷனைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவது, பட்டையை வாரம் ஒரு முறை துவைப்பது, படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுவது. இவ்வளவுதான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எண்ணெய் ஊறிய பட்டை சீக்கிரம் இழுவை இழந்துவிடும். அப்பா படுக்கப்போகும் முன் விபூதியை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். நெற்றித் தாங்கி வைத்த பழைய மாஸ்க்கில் அந்தத் தூள் படிந்து தோலை உரசிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் இப்படிச் செய்தும் தண்டில் சிவப்பு மறையவில்லை என்றால், சிக்கல் கட்டுவதில் இல்லை. அளவிலோ வகையிலோ இருக்கிறது.

துணி, ஜெல், பஞ்சு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நாங்கள் முதலில் போனது இங்கேதான். பழைய வேட்டித் துணியை மாஸ்க் வடிவத்துக்கு வெட்டி, நடுவில் ஓட்டை விட்டு, குஷனுக்கும் முகத்துக்கும் நடுவே வைத்தோம். மாஸ்க் லைனர் என்று கடையில் தயாராகவும் கிடைக்கிறது. வேர்வைக்கு அது அருமையான தீர்வு. ஈரோட்டு வெயிலில், ஏசி இல்லாத அறையில், ஏப்ரல் மே மாதங்களில் சிலிக்கானுக்கு அடியில் வேர்த்து நமநமவென்று அரிக்கும். பருத்தி அதை உறிஞ்சிவிடும். சிலிக்கான் பட்டாலே தோல் தடிக்கிறவர்களுக்கும் துணி உதவும்.

ஆனால் அழுத்தப் புண்ணுக்குத் துணி மருந்தாகாது. துணி வைத்தால் குஷனின் சவ்வு தோலில் படிய முடியாது, அதனால் கசிவு கூடும், கசிவுக்காகப் பட்டையை இறுக்குவோம், புண் இருந்த இடத்திலேயே அழுத்தம் கூடும். எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. மூக்குத் தண்டில் ஒட்டும் ஜெல் பட்டைகள் கொஞ்சம் மேல். ஏற்கெனவே தோல் உரிந்திருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டரைச் சிறிதாக வெட்டி ஒட்டிப் புண் ஆறும் வரைக்கும் காப்பாற்றலாம். அது ஒரு வார ஏற்பாடு, நிரந்தரமாக அதை நம்பி இருக்கக் கூடாது. வாசலின் தடவுவதைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரோலியம் கலந்த எதுவும் சிலிக்கானைக் கெடுக்கும், வழுக்கவும் வைக்கும்.

பட்டைக்கு மாட்டும் துணி உறை மட்டும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் பொருள். கன்னத் தடத்துக்கு அது போதும், கசிவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்க்கின் முன்பக்கத்திலோ குழாய் சேரும் முழங்கை போன்ற வளைவிலோ சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை வழியாகச் சர்ரென்று காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும். அது கசிவு இல்லை. நாம் விட்ட மூச்சு வெளியேறும் வழி. காற்றுச் சத்தம் தொந்தரவு என்று அதைப் பஞ்சாலோ டேப்பாலோ அடைத்தால் கரியமில வாயுவையே திரும்பச் சுவாசிக்க வேண்டி வரும். போர்வையும் அதன்மேல் விழக் கூடாது.

மாஸ்க்கையே மாற்றுவது: எந்த வகை யாருக்கு

அப்பாவுக்கு மாஸ்க் கொடுத்த கடையில் கேட்டது ஒரே கேள்விதான். "வாயைத் திறந்துட்டுத் தூங்குவீங்களா?" அப்பா ஆமாம் என்றார். ஃபுல் ஃபேஸ், பெரிய சைஸ், முடிந்தது. குறட்டை விடுகிற எவர்தான் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வார்? மூச்சுப் பாதை அடைத்தால் வாய் திறக்கத்தான் செய்யும். சிகிச்சை ஆரம்பித்து அடைப்பு நீங்கியதும் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்கிறது. ஆகவே சிகிச்சைக்கு முன்னால் எப்படித் தூங்கினார் என்பதை மட்டும் வைத்து மாஸ்க்கைத் தீர்மானிப்பது தவறு என்பது என் கருத்து.

இந்த வைத்தியம் பிறந்ததே மூக்கு வழியாகத்தான். 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், காற்றை ஊதும் மோட்டார் ஒன்றோடு குழாயை இணைத்து, நோயாளியின் மூக்கில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அந்த முடிவுகள் 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. அந்தக் காலத்து மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் சிலிக்கான் பசையால் மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்ததாம். மூக்கு வழியே வரும் காற்று உள்நாக்கையும் அண்ணத்தையும் நாக்கையும் முன்பக்கமாகத் தள்ளிப் பாதையைத் திறக்கிறது. வாய் வழியாகவும் அதே காற்று வந்தால் நாக்கு பின்னால் தள்ளப்படலாம், போதாததற்கு ஃபுல் ஃபேஸ் பட்டை தாடையையும் பின்னோக்கி இழுக்கலாம். அதனால்தான் ஃபுல் ஃபேஸ் போடுகிறவர்களுக்குப் பிரஷரும் கசிவும் பல நேரம் அதிகமாகிவிடுகின்றன. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் மூக்கு மாஸ்க்கின் பக்கம்தான் சாய்கிறது.

மூக்கு மாஸ்க்கிலேயே மூன்று தினுசு. மூக்கு முழுவதையும் முக்கோணமாக மூடுவது பழைய தினுசு. ரெஸ்மெட் என்20, ஃபிஷர் அண்ட் பைக்கலின் ஈசன் 2 எல்லாம் இந்த ரகம். பிரஷர் அதிகம் உள்ளவர்களுக்குக் காற்று மென்மையாக வரும், துவாரத்தைத் தொடாது. ஆனால் மூக்குத் தண்டில் உட்காரும். தண்டுதான் பிரச்சினை என்றால் இது பாதித் தீர்வுதான்.

இரண்டாவது, மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கும் வகை. பிலிப்ஸின் டிரீம்வேர், ரெஸ்மெட் என்30, ஃபிஷர் அண்ட் பைக்கலின் எவோரா இப்படி. தண்டில் எதுவும் இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், டிவி பார்க்கலாம். முகத்தை ஏதோ மூடிவிட்டது என்று பதறுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரு குறை, மீசை. தொட்டில் மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே படிய வேண்டும், அங்கே அடர்ந்த மீசை இருந்தால் காற்று முடி வழியே நழுவும். அப்பாவுக்கு இதைக் கடனாக வாங்கிப் போட்டுப் பார்த்தோம். முதல் இரவே புஸ்ஸென்று மேலுதட்டில் கசிந்தது. "மீசையை எடுத்தா சரியாயிரும்ப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது பில்லோ. இரண்டு சின்ன சிலிக்கான் குமிழ்கள் துவாரத்தின் வாயில் உட்காரும். ரெஸ்மெட் பி10 இதில் நன்றாகத் தெரிந்த மாடல். கையில் எடுத்தால் ஒரு முட்டை எடைகூட இருக்காது. மீசை இதற்குத் தடை இல்லை, ஒருக்களித்துப் படுக்க இதைவிட நல்லது இல்லை. கன்னத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டும்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் துவார ஓரம் கொஞ்சம் எரியும். பயந்து சின்ன சைஸுக்குப் போகிறவர்கள் அதிகம், ஆனால் சின்னது உள்ளே போய்க் குத்தும். ஒரு சைஸ் பெரியது வாயிலிலேயே நின்று, குத்தாமல் மூடும். அப்பாவுக்கு மீடியத்தில் எரிந்தது லார்ஜில் நின்றது. பிரஷர் 15-க்கு மேல் போகிறவர்கள் சிலருக்கு மட்டும் துவாரத்தில் பீய்ச்சி அடிப்பது போல இருக்கும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஃபுல் ஃபேஸ் யாருக்கு? மூக்குத் தடுப்பு வளைந்து நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வாமையால் மாதக்கணக்கில் மூக்கு திறக்காதவர்களுக்கு, மூக்கு மாஸ்க் போட்டு நான்கு வாரம் முயன்றும் வாய் வழியே காற்று ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு. இவர்களுக்கு அது தேவை, கஷ்டப்பட்டாலும் போட வேண்டும். ஆனால் அதிலும் மூக்குத் தண்டைத் தொடாத புது வடிவம் இருக்கிறது. வாயை மூடி, மூக்கை அடியிலிருந்து தாங்கும் எஃப்30, டிரீம்வேர் ஃபுல் ஃபேஸ் போன்றவை. தண்டில் புண் உள்ளவர் ஃபுல் ஃபேஸை விட முடியாது என்றால் இங்கே வரலாம். தாடி இருந்தால் ஃபுல் ஃபேஸ் பெரும்பாலும் கசியும். பல்செட் கட்டியவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தூங்குவார்களானால், கழற்றிய முகத்தில்தான் மாஸ்க் அளவு பார்க்க வேண்டும். பல் எடுத்ததும் கன்னம் ஒட்டி, பகலில் எடுத்த அளவு இரவில் பொருந்தாமல் போகும். தானே கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, வாந்தி வந்தால் ஆபத்து என்பதால், டாக்டரிடம் கேட்காமல் ஃபுல் ஃபேஸ் போடவே கூடாது.

இன்னொரு விஷயம். பல மாஸ்க்குகளில் பட்டையை மாட்டும் கொக்கியில் காந்தம் இருக்கிறது. கை நடுங்கும் பெரியவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காந்தம் கூடாது என்று 2022-ல் பிலிப்ஸும் 2023-ல் ரெஸ்மெட்டும் எச்சரிக்கை கொடுத்தன. பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும். காந்தம் இல்லாத கொக்கி கேட்டு வாங்குங்கள்.

காற்றும் படுக்கையும்

வாய் திறப்பதற்கு மூக்கடைப்பு ஒரு காரணம் என்றால், மூக்கடைப்புக்கு வறண்ட காற்று ஒரு காரணம். இரவு முழுக்க வறண்ட காற்று ஓடினால் மூக்கின் உட்சவ்வு வீங்கும், வாய் திறக்கும், திறந்த வாய் வழியே காற்று ஓட ஓட மூக்கு இன்னும் வறளும். இதை உடைப்பது மெஷினோடு வரும் ஹ்யூமிடிஃபையர், அதாவது தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரப்படுத்தும் தொட்டி. அதைக் காலியாக வைத்துவிட்டு "எனக்கு ஃபுல் ஃபேஸ்தான் சரி" என்று முடிவு செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய் மாஸ்க்கைப் பற்றி யோசிக்கும் முன், தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டி, படுக்கும் முன் மருந்துக் கடை உப்பு நீர் ஸ்பிரேயை அடித்து இரண்டு வாரம் பாருங்கள். அதற்கும் திறக்காவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர்.

ஏசி அறையில் எதிர்ச் சிக்கல் வரும். சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் வரும்போது தண்ணீராகி, நடு இரவில் மூக்கில் சொட்டும். குழாயில் களகளவென்று சத்தம் கேட்டால் இதுதான். ஈரத்தை ஒரு படி குறைக்கலாம், குழாய்க்குத் துணி உறை போடலாம், சூடாகும் குழாய் வாங்கலாம். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் தேங்கிய நீர் முகத்துக்கு வராது.

வாயை டேப் போட்டு ஒட்டுவது இப்போது பரவி வருகிறது. மூக்கு அடைத்தால் மூச்சுக்கு வழி இருக்காது, வாந்தி வந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லாமல் செய்யவே வேண்டாம். தாடைப்பட்டை அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் பலனும் ஆளுக்கு ஆள் மாறும். தாடை கீழே தொங்குவதால் வாய் திறப்பவர்களுக்கு உதவும், உதடு வழியே மட்டும் காற்று நழுவுகிறவர்களுக்கு உதவாது.

குழாயின் எடை பலருக்குத் தோன்றாத காரணம். புரளும்போது குழாய் மாஸ்க்கை ஒரு பக்கம் இழுக்கும், கசியும். நாங்கள் கொசுவலைக் கம்பியில் ஒரு துணி வளையம் கட்டி அதன் வழியாகக் குழாயை மேலிருந்து இறக்கினோம். ஐந்து ரூபாய் செலவில்லை, அன்றிரவிலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. தலை உச்சியில் குழாய் சேரும் மாஸ்க்குகள் (டிரீம்வேர், என்30ஐ, பி30ஐ) இதற்காகவே வந்தவை. அவை நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றில் காற்று ஓடுவது கன்னத்துப் பட்டைக்குள்ளேயே. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு பக்கப் பாதை நசுங்கும், இன்னொரு பக்கம் வேலை செய்யும்.

தலையணைக்கும் அப்படித்தான். சீபேப் தலையணை என்று ஓரத்தில் வெட்டு விட்ட ஃபோம் தலையணைகள் விற்கின்றன. அப்பாவுக்கு இலவம்பஞ்சுத் தலையணையே போதுமானதாக இருந்தது. ஓரத்தைக் கையால் அழுத்திக் குழித்து, மாஸ்க் அந்தக் குழியில் இருக்குமாறு ஒருக்களித்துக்கொள்வார். ஃபோம் திரும்ப எழும்பி மாஸ்க்கைத் தள்ளும், இலவம் குழித்த இடத்திலேயே நிற்கும். தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இலவத்தை யோசித்துச் செய்யவும்.

பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சு விடும்போது எதிர்க்காற்று முட்டுகிறது என்றால், பிரஷரைக் குறைக்கச் சொல்லும் முன் ராம்ப் அமைப்பையும், மூச்சு விடும்போது பிரஷரைத் தணிக்கும் அமைப்பையும் போடச் சொல்லுங்கள். ராம்ப் போட்டால் மெஷின் குறைந்த பிரஷரில் தொடங்கி மெல்ல ஏறும். சிகிச்சைப் பிரஷரை நாமாகக் குறைக்கக் கூடாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்துகொள்ளும். ஃபுல் ஃபேஸில் காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு இருக்கிறது. மூச்சு முட்டிப் போகாது. வீட்டு இன்வெர்ட்டரில் மெஷின் ஓடும். அதிக கரண்ட் இழுப்பது ஹ்யூமிடிஃபையரின் சூடுதான், பேட்டரி கம்மியாக இருந்தால் அதை அணைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், கடையில் உட்கார்ந்தபடி அளவு பார்த்து வாங்காதீர்கள். படுத்து, மெஷினை உங்கள் பிரஷரில் ஓடவிட்டு, கால் மணி நேரமாவது போட்டுப் பார்க்க விடுகிற இடமாகத் தேடுங்கள். உங்கள் மெஷினையே கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. முகத்தில் பட்ட பொருள் என்பதால் பிரித்த மாஸ்க்கைப் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். மூன்று சைஸ் குஷனும் ஒரே பெட்டியில் வரும் மாடல்கள் இருக்கின்றன, முதல் முறை வாங்குகிறவர்கள் அதையே எடுப்பது லாபம். இன்னொன்று, குஷன் மட்டும் தனியாக உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சிலிக்கான் சில மாதங்களில் தொய்ந்துவிடும். தொய்ந்த குஷனுக்காக முழு மாஸ்க்கையும் வாங்குவது வீண் செலவு. மெமரி ஃபோம் வைத்த குஷன்கள் முதல் நாளிலிருந்தே மெத்தென்று இருக்கும். ஆனால் தண்ணீரில் கழுவ முடியாது, மாதா மாதம் மாற்ற வேண்டும். நம் ஊர் வேர்வைக்கும் நம் பட்ஜெட்டுக்கும் அது ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

முகத்தை மூடினாலே படபடப்பு வருகிறவர்கள் எந்த வகை வாங்கினாலும் இரவில் தொடங்க வேண்டாம். பகலில் டிவி பார்க்கும்போது முதலில் மெஷின் இல்லாமல் மாஸ்க் மட்டும், சில நாள் கழித்து மெஷினோடு அரை மணி, அப்புறம் மதியத் தூக்கத்தில். அப்பாவுக்கு இது பத்து நாள் பிடித்தது.

புது மாஸ்க் போட்டால் ஒரு வாரம் மெஷினில் மூன்று எண்ணைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம், ஏஹெச்ஐ எவ்வளவு, கசிவு எவ்வளவு. ரெஸ்மெட் மெஷினில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று காட்டும். சுகமாக இருக்கிறது, ஆனால் ஏஹெச்ஐ ஏறிவிட்டது என்றால் அந்த மாஸ்க் உங்களுக்கு ஆகாது.

அப்பா இப்போது பில்லோவில் தூங்குகிறார், பெரும்பாலான இரவுகளில் ஆறு மணி நேரம் தாண்டுகிறது. மூக்குத் தண்டில் தழும்பு மட்டும் மங்கலாக இருக்கிறது. பழைய ஃபுல் ஃபேஸை நாங்கள் தூக்கிப் போடவில்லை. சளி பிடித்து மூக்கு அடைத்த நாட்களுக்கு அதைத்தான் எடுக்கிறோம். அந்த இரவுகளில் மெஷினின் அமைப்பில் மாஸ்க் வகையை பில்லோவிலிருந்து ஃபுல் ஃபேஸுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கசிவுக் கணக்கு தப்பாக வரும். அம்மா அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.